கோதுமை மாவில் ஒரு கோடு

கீறலாக இருக்கட்டும். கீறலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கீறல் என்றால் தேய்க்கத் தேய்க்க அகலும், விளிம்பு மழுங்கும், பிறகு இருந்த இடமே தெரியாமல் போய்விடும். யா அல்லாஹ், இது அகலட்டும்.

ஜெஸ்மின் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சீமெந்துத் தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். முகத்துக்கு ஒரு முழம் மேலே விமானத்தின் அடிப்பக்கம் இருந்தது. இடப்பக்கத் தகடு கீழே வளைந்து வயிற்றோடு சேருகிற மூலை அது. சக்கரக்கால் உடம்புக்குள் நுழைகிற இடம். அங்கே ஐந்தாவது ரிவெட் ஆணிக்கும் ஆறாவது ரிவெட் ஆணிக்கும் நடுவில், வளைவை ஒட்டினாற்போல ஒரு கோடு. சின்ன விரலில் ஒரு கணு நீளம் இருக்கும். நான்கு நாட்களாக அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நீளமும் குறையவில்லை, அகலமும் கூடவில்லை.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு செட்டைகள், வால், முதுகு, கதவுகள், என்ஜினை மூடும் மூக்கு, எல்லாம் மூன்று மாதத்தில் அவள் ஒருத்தி துலக்கியவை. வர்ணம் பூசாத வெறும் அலுமினியம். வர்ணம் பாரம், பாரம் ஏறினால் பெற்றோலும் ஏறும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவளுடைய கணவன் சஜீத் விளக்கம் சொல்வான். உண்மை அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு அந்த மினுக்கம் வேண்டும். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் உள்ளே போகாமல் ஒரு நிமிடம் வாசலிலேயே நிற்பான். திருமணத்தன்று அவளைப் பார்க்க உள்ளே வந்தபோதும் அப்படித்தான் வாசலில் நின்றான். அதை அவள் அவனிடம் சொன்னதில்லை.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில், சஜீத்தின் வாப்பா சீமெந்து மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய களஞ்சியம்தான் இப்போது விமானக் கொட்டகை. இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்து இறங்கி, ஐந்து வருடத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. சஜீத் பதினெட்டு வருடம் டோஹாவில் விமானங்கள் பழுதுபார்க்கிற இடத்தில் தகட்டு வேலை செய்தவன். அங்கே மற்றவர்களின் விமானங்களுக்கு ஒட்டுப் போட்டான். இங்கே தனக்கென்று ஒன்றைக் கட்டினான்.

துலக்குகிற வேலை முதலில் அவளுடையதல்ல. ஆனி மாதத்தில் சஜீத்தின் வலது தோள் இறுகிப்போனது. கையைக் காதுக்கு மேலே தூக்க ஏலாது. தலைக்கு எண்ணெய் வைப்பதுகூட இடக்கையால்தான். அவன் இரண்டு நாள் கொட்டகைக்குள் சும்மா இருந்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையோடு போனவள் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி வராமல் நின்றாள். எப்படிச் செய்வது என்று அவன் பத்து நிமிடம் சொன்னான். மிச்சத்தைக் கை தானாகப் பழகிக்கொண்டது.

முழங்கை நீளத்துக்கு ஒரு சதுரம். அதைத் தாண்டிக் கை போகக்கூடாது. சாம்பல் நிறப் பசையை நாலு இடத்தில் கடலை அளவு தொட்டு வைத்து, ஆட்டு ரோமச் சில்லுப் பூட்டிய மெஷினை அதன்மேல் மெல்ல ஓட்ட வேண்டும். பசை கறுக்கும். கறுத்தால் நல்லது, உலோகம் கழன்று வருகிறது. பழைய சாரன் துணியால் அதைத் துடைத்து, துணிக்கு அகப்படாத கறுப்பை எடுக்கக் கோதுமை மாவைத் தூவித் தேய்க்க வேண்டும். மா எண்ணெயைக் குடித்துக்கொண்டு உதிரும். அதன் பிறகுதான் இரண்டாவது பசை, வெண்ணெய் போல மிருதுவானது. அதைக் கையால் போட வேண்டும். அப்போதுதான் தகடு கண்ணாடியாகும்.

கோதுமை மா என்றதும் முதலில் அவளுக்கு மனம் கேட்கவில்லை. சாப்பிடுகிற பொருள். வாங்குவதற்கு வரிசையில் நின்ற வருடங்கள் இன்னும் மறந்துபோகவில்லை. கடைக்காரரிடம் சொல்லி வண்டு விழுந்த மாவை மட்டும் எடுத்து வைக்கச் செய்தாள். 'பிளேனுக்கு ரொட்டி சுடுறாங்க' என்று கடையில் கதை பரவியது.

ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளியிருந்த சஜீத்தின் தங்கை ஷிஃபானா வாரத்துக்கு ஒருமுறையாவது எட்டிப்பார்ப்பாள். மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, அடிப்பக்கத்தில் கிடக்கும் ஜெஸ்மினின் பாதங்களைப் பார்த்துப் பேசுவாள்.

"மதினி, காக்கா வெளிநாட்டில இருக்கக்குள்ள குசினிப் பானையைக் கூட நீங்க இப்பிடித் துலக்கினதை நான் காணல்ல."

"பானை பறக்குமெண்டா துலக்கியிருப்பன்" என்றாள் ஜெஸ்மின் கீழே இருந்து. ஷிஃபானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் போகும்போது ஜெஸ்மினின் கைகளைப் பார்த்து முகம் சுளித்தாள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு சவர்க்காரத்துக்குப் போகாது. போன மாதம் ஜெஸ்மின் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக நேர்ந்தபோது, அந்தக் கறுப்பை மறைக்க விரல் நுனிகளுக்கெல்லாம் கெட்டியாக மருதோண்டி வைத்துக்கொண்டு போனாள். புது மணவாட்டி போல இருக்கிறது என்று அங்கே கேலி செய்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

வேலை தொடங்கிய இரண்டாம் வாரம் கதவுத் தகட்டில் தன் முகம் வருவதைக் கண்டாள். முக்காட்டுக்கு ஊசி குத்துவதற்கு அப்பால் கண்ணாடி முன்னால் நின்று பழக்கமில்லாதவள். இங்கே மணிக்கணக்காக அந்த முகத்தின் எதிரிலேயே இருக்க வேண்டியிருந்தது. வாய் இறுகி, உதட்டோரம் இரண்டும் கீழே இழுபட்டிருந்தது. உம்மா கோபத்தில் இருக்கும்போது இப்படித்தான் இருப்பாள். நான் யாரோடு கோபம் என்று அவள் தன்னையே கேட்டாள். சதுரம் சதுரமாக வேலை நகர நகரப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பதினெட்டு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் நல்ல பீங்கான்களை அலுமாரியிலிருந்து எடுத்து, விருந்தாளிக்குப் போல வைத்தாள். அவனும் விருந்தாளி போலவே 'நீங்க சாப்பிட்டீங்களா' என்று கேட்டான். மகள் அம்ரா அவனுடைய எட்டு வருகைகளுக்குள் வளர்ந்து, கல்யாணம் முடித்து, கல்முனைக்குப் போய்விட்டாள். அவன் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது வீட்டில் மிஞ்சியது, யார் எந்தக் கதிரையில் இருப்பது என்று தெரியாத இரண்டு பேர். அவன் கொட்டகைக்குள் போனான். அவள் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் தேத்தண்ணி கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

அப்படியிருக்க, இந்த ஆடி மாதத்தில் ஒருநாள், செட்டையின் மறுபக்கம் குனிந்து ஏதோ பூட்டிக்கொண்டிருந்த சஜீத் திரும்பிப் பார்க்காமலேயே, "அந்தத் துணியை இஞ்சால எறி புள்ள" என்றான். அவள் எறிந்தாள். அன்று முழுவதும் 'புள்ள' என்ற அந்த ஒற்றைச் சொல்லை வாய்க்குள் இனிப்பு வைத்திருப்பது போல வைத்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் இது என்ன பைத்தியம் என்றும் நினைத்தாள். தகட்டில் தெரிந்த முகத்தின் உதட்டோரங்கள் அன்று இழுபட்டிருக்கவில்லை.

அதனால்தான் இந்தக் கோடு கீறலாகவே இருக்க வேண்டும்.

என்ஜினை இதுவரை நாலு தரம் ஓட்டிப் பார்த்தார்கள். விமானத்தை வாசலுக்கு வெளியே தள்ளி, வாலைக் கப்பல் கயிற்றால் வேப்பமரத்தோடு கட்டி, சில்லுக்கு முன்னால் கல் வைத்து ஓட்டினார்கள். ஒழுங்கை முழுவதும் கூடி நின்று பார்த்தது. என்ஜின் முழு வேகத்தில் போனபோது விமானம் கயிற்றை இழுத்துக்கொண்டு நடுங்கியது. அந்த நடுக்கம் தரை வழியாக வந்து தன் கால்களில் ஏறியதை ஜெஸ்மின் உணர்ந்தாள். நாலாவது ஓட்டம் முடிந்த மறுநாள்தான் இந்த மூலைக்கு வந்தாள். கைக்கு வசதியில்லாத இடம், அதைக் கடைசியாக வைப்போம் என்று சஜீத் சொல்லியிருந்தான்.

முதல் பசையைப் போட்டுத் துடைத்ததும் கோடு தெரிந்தது. கீறல் என்று நினைத்தாள். இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ கீறல்களை எடுத்திருக்கிறாள். முதல் பசையிலேயே கீறல் இளகத் தொடங்கும். இது இளகவில்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் கோட்டின் ஓரத்தில் மயிரிழைக் கறுப்பு ஊறியிருந்தது. திரும்பத் துடைத்தாள். திரும்ப ஊறியது. இரண்டாவது பசைக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே சுற்றிவர எல்லாம் கண்ணாடியாக நிற்க, அந்த ஒரு சதுரம் மட்டும் மழை மூட்டம் போல மங்கலாக நின்றது.

மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு மாலைப் பொழுது அவளை விட்டுப் போகவில்லை. கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் இல்லாத காலம். இந்தத் தகட்டைத்தான் சஜீத் அன்று வளைத்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் போதாமல் டோர்ச் பிடிக்க அவளைக் கூப்பிட்டான். நுளம்பு கடித்து அவள் கை அசைந்ததா, அவன் கண்தான் பிசகியதா, யாருக்கும் தெரியாது. தகடு கோட்டுக்கு இரண்டு மில்லிமீற்றர் தள்ளி வளைந்துவிட்டது. அவன் வளைத்த தகட்டை மடியில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் தரையில் இருந்தான். டோஹா என்றால் யோசிக்காமல் குப்பையில் போட்டிருப்பேன் என்றான். இன்னொரு தகடு எடுக்க வேண்டும். நாட்டில் டொலர் இல்லை. மருந்துக்கே இல்லை, விமானத் தகட்டுக்கு யார் தருவார்கள்?

அப்போது அவள்தான் கேட்டாள்.

"எங்கட சட்டி நெளிஞ்சா தட்டி நிமித்துறமே. இதை நிமித்த ஏலாதா?"

சஜீத் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். 'தெரியாமல் கேட்கிறாள்' என்ற பார்வையாக அது இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் சொன்னது வேறு. "நிமித்தலாம்" என்றான். மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினான். சரியான கோட்டில் திரும்ப வளைத்தான். ஒரு தடவை மடித்ததை நிமிர்த்தித் திரும்ப மடித்தால் உலோகம் உள்ளுக்குள் களைத்துப்போகும் என்று சட்டி துலக்குகிற அவளுக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் தகட்டோடு இருந்தவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்தான் என்பதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அவள் கேட்டதால் செய்தான். இந்தப் பதிலில் ஒரு குற்றமும் இருந்தது, ஒரு பெருமையும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகை முடிந்து சஜீத் வந்தபோது கூடவே பிரகலாதனும் சாப்பிட வந்தான். உப்புவெளிக்காரன். கொழும்பில் விமானம் ஓட்டப் பழக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை சீனக்குடா ஓடுபாதையில் இந்த விமானத்தை முதன்முதலில் ஏற்றப்போகிறவன் அவன்தான். அந்த ஒரு நாளுக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது. அடுத்த வாரம் அவன் மாலைதீவில் வேலைக்குப் போகிறான். அதற்குப் பிறகு மழை தொடங்கிவிடும். நாளைக் காலை லொறி வந்து, செட்டைகளைக் கழற்றி விமானத்தை ஏற்றிக்கொண்டு போகும்.

சாப்பிட்ட கையோடு பிரகலாதன் கொட்டகைக்கு வந்து விமானத்தைச் சுற்றி நடந்தான். அவன் நடக்கிற விதம் ஜெஸ்மினுக்குப் பிடிக்கும். மாட்டைத் தடவுகிறவன் போல உள்ளங்கையைத் தகட்டில் வைத்தபடியே போவான். இடப்பக்கக் கதவுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினான். ஒவ்வொரு முறையும் இதைச் செய்வான்.

"அக்கா, என்ர வீட்டுக் கண்ணாடியில எனக்குத் தலைமயிர் கொட்டிப் போச்சு. உங்கட கண்ணாடியில கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"வளைஞ்ச கண்ணாடி, அதுதான்" என்றாள் அவள்.

அவன் சிரித்துக்கொண்டே சீப்பைப் பையில் வைத்தான். நாளைக்கு லொறியில் ஏற்றுவதற்கு முன் அடிப்பக்கத்தை ஆறுதலாகப் பார்ப்பதாகச் சொன்னான். சஜீத் காக்காவின் வேலையில் பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனாலும் பழக்கத்தை விடக்கூடாது என்றான். அவனுடைய மனைவி ஜெயரூபி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். நிழலில் இருக்க ஒரு குடை கொண்டுவந்தால் நல்லது என்று ஜெஸ்மினிடம் கேட்டுக்கொண்டான். அவள் கொண்டுவருவதாகச் சொன்னாள். சஜீத் விருந்தாளியை ஓட்டோ வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

அதன் பிறகுதான் அவள் திரும்பவும் சாக்கை விரித்துப் படுத்தாள். பசை போட்டாள், மெஷின் ஓட்டினாள், பெற்றோல் நனைத்த துணியால் பளிச்சென்று துடைத்தாள். கடைசியாகக் கோதுமை மாவைக் கையில் எடுத்து மேல்நோக்கி அப்பினாள். இந்த முறை தேய்க்கவில்லை. ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை களைத்திருந்தது. மா முகத்திலும் இமையிலும் உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள். தூங்கிவிட்டாளோ என்னவோ. பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டுக் கண் திறந்தபோது மேற்குக் கதவால் வெயில் சரிந்து வந்து விமானத்தின் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளை மாவில் ஒரு கோடு இருந்தது. சின்ன விரலில் ஒரு கணு நீளம், மயிரிழை போல, கறுப்பாக. சுற்றியிருந்த மா முழுவதும் வெள்ளை. கோடு மட்டும் உள்ளே குடித்திருந்த கறுப்பை மெல்ல மெல்ல மாவுக்குக் கொடுத்திருந்தது.

ஒரு சாப்பாட்டு நேரத்தில் சஜீத் சொன்ன கதை அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. டோஹாவில் தகட்டில் சிவப்பு மையைப் பூசி, துடைத்து, மேலே வெள்ளைத் தூள் அடிப்பார்களாம். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்பு வெளியே வருமாம். ஆள் சொல்லத் தேவையில்லை, அதுவே சொல்லிவிடும் என்று மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

அவள் எழும்பி இருந்தாள். மாவைத் துடைக்கவில்லை.

தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து சஜீத் வரும்போது அவள் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து இருந்தாள். சொல்ல வேண்டிய வசனங்களை அதுவரை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவை தேவைப்படவில்லை. அவன் குனிந்தான், தலையைச் சரித்துப் பார்த்தான், பார்த்தபடியே நின்றான். பிறகு இடக்கைப் பெருவிரலால் மாவை வழித்துவிட்டான்.

"அழுக்கு நிண்டிருக்கு" என்றான்.

"நாலு நாளா நிக்குது."

"கீறல் புள்ள. ரிவெட் அடிக்கக்குள்ள கன் வழுக்கியிருக்கும்."

"கீறலெண்டா அகலும். நீங்கதான் சொன்னனீங்க."

துறைமுகப் பக்கமிருந்து ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அது ஓய்ந்ததும் அவன் ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து, இந்தத் தகட்டைக் கழற்றினால் என்னென்ன நடக்கும் என்று சொல்லத் தொடங்கினான். முதலில் என்ஜினை இறக்க வேண்டும். சக்கரக்காலை எடுக்க வேண்டும். இருநூற்றுப் பத்து ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்க வேண்டும். தகடு வெளிநாட்டிலிருந்து வர எட்டு மாதம். அதற்குள் மழை வந்து போய்விடும், பிரகலாதனும் போய்விடுவான், ஓடுபாதை அனுமதிக்கு முதலிலிருந்து எழுத வேண்டும். தோளைப் பற்றி அவன் சொல்லவில்லை.

கோபமில்லாமல், இடையில் யோசிக்க நிற்காமல் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த ஜெஸ்மினுக்கு நடுவில் ஒன்று விளங்கியது. இவன் இதை இப்போது யோசித்துச் சொல்லவில்லை. ரிவெட்டைக்கூட எண்ணி வைத்திருக்கிறான்.

"எப்ப கண்டீங்க?" என்று கேட்டாள்.

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மூண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு."

அந்த மூலையைக் கடைசியாக வைப்போம் என்று அவன் சொன்னது அதற்குப் பிறகுதான். நான்கு நாட்களாக அவள் இந்தக் கீழ்த்தரையில் கிடந்து தனியே மன்றாடியதை, அவன் பக்கத்து மேசையில் நின்றபடி அறிந்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே கோட்டை ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அவன்மேல் இரக்கமாக இருந்தது. எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பான். தோள்வலி என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தரம் புள்ள" என்றான். "இருவது நிமிசம் மேல நிண்டு இறங்கினாப் போதும். பிறகு நானே எல்லாத்தையும் பிரிச்சுப் போடுவன். இவ்வளவு சின்ன வெடிப்பு, இருவது நிமிசத்துக்குத் தாங்கும்."

வெடிப்பு என்ற சொல்லை அவனே சொல்லிவிட்டான். சொன்னது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். கவிழ்த்த வாளியில் அவன் கொஞ்சம் அசைந்தான்.

"பிரகலாதனுக்குச் சொல்லுவீங்களா?"

"சொன்னா ஏறமாட்டான்."

"நீங்க ஏறுவீங்களா?"

"இப்ப ஏறச் சொன்னாலும் ஏறுவன்."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும். இந்த ஒன்று மேலே எழும்புவதைப் பார்ப்பதற்காக உயிரைக் கொடுக்கத் தயங்காதவன்தான் அவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதலில் ஏறப்போகிற உயிர் அவனுடையதல்ல. குடை நிழலில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கப்போகிற ஜெயரூபியை அவள் நினைத்துப் பார்த்தாள். சின்னவன் என்ஜின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வான்.

"நிமித்த ஏலாதா எண்டு கேட்டது நீதானே" என்றான் சஜீத். குத்திக்காட்டுகிற குரல் அல்ல. ஒரு சுமையின் மறுமுனையைப் பிடிக்கும்படி கேட்கிற குரல். ஆனாலும் அது அவள் நெஞ்சில் போய் இறங்கியது. மூன்று வருடம் இந்தச் சொல் எப்போது வரும் என்று அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஓம்" என்றாள். "நான்தான் கேட்டனான்."

சரிந்த வெயில் இப்போது விமானத்தின் பக்கவாட்டில் ஏறியிருந்தது. கொட்டகை முழுவதும் அதன் ஒளி எறித்து, பழைய சீமெந்து படிந்த கூரைத் தகரம் வரைக்கும் நடுங்கியது. அந்தத் தகடுகளில் அவளுடைய ஒவ்வொரு சதுரமும் அவளுக்குத் தெரியும். எந்தச் சதுரத்தில் அம்ராவின் தொலைபேசி வந்தது, எதில் அவன் சிரித்தான், எதில் 'புள்ள' என்றான். இது பிரிக்கப்பட்டால் இந்தக் கொட்டகை பூட்டப்படலாம். திரும்பவும் வாசலில் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போகிற காலம் வரலாம். வரட்டும் என்று சொல்லுகிற துணிவு அவளுக்கு இல்லை. வராது என்று சொல்லுகிற நம்பிக்கையும் இல்லை.

சஜீத் எழும்பி மேசையிலிருந்து இரண்டாவது பசையின் பேணியைக் கொண்டுவந்தான். இடக்கையால் மூடியைத் திருகித் திறந்து அவளுடைய பக்கத்தில் வைத்தான். வெண்ணெய் மணம் இல்லாத வெண்ணெய். புதிதாகக் கிழித்த ஒரு சாரன் துண்டை அதன்மேல் மடித்து வைத்தான்.

"முழுக்க மினுங்கினா பிரகலாதன்ட கண் அதில நிக்காது" என்றான். "இந்த ஒரு சதுரம்தான் மங்கலாத் தெரியுது. வெளிச்சம் போக முதல் ஒருக்காத் துலக்கி விடு."

அவள் அந்த மங்கலைப் பார்த்தாள். நாளைக் காலையில் பிரகலாதன் உள்ளங்கையைத் தகட்டில் வைத்தபடி சுற்றி வருவான். கதவில் தலை வாருவான். குனிவான். இத்தனையும் துலக்கிவிட்டு இதை மட்டும் ஏன் விட்டீங்க அக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்பான். கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டும். துலக்கிவிட்டால் அவன் கேட்கமாட்டான், அவளும் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிட வேலை.

அவள் கையை நீட்டவில்லை. அவன் தாழ்ந்த குரலில், அவளுக்கு வழி விடுகிறவன் போலக் கேட்டான்.

"கை நோகுதா? ஏலாதெண்டாச் சொல்லு, பரவாயில்ல."

ஜெஸ்மின் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். நுனிகளில் மருதோண்டி பாதி போயிருந்தது, கறுப்பு போகவில்லை. பேணியின் மூடியைத் தரையிலிருந்து எடுத்தாள். துணியை நகர்த்திவிட்டு, மூடியைப் பேணியில் வைத்து இறுக்கமாகத் திருகினாள்.

"ஏலும்" என்றாள். "துலக்க மாட்டன்."